கல்யாணம் வரை அந்தக் கை இருக்கட்டும் என்ற மகனுக்கு

மகனே, நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "அம்மா, இப்ப வேலையில இருக்கேன், பொறவு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். பிறகு எடுக்கவும் மாட்டாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. மூடி வைத்தாலும் உன் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இதை வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். உனக்குத்தான் அரைகுறையாகத் தெரியும்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தக் கை இருக்கட்டுமேம்மா. வேலை செய்யாட்டியும் பாக்கிறதுக்கு ஒரு கை இருக்குல்ல. அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்க" என்றாய். அப்பாவுக்கு வலிக்குமா, ஆபத்து உண்டா, எத்தனை நாள் படுக்கவேண்டும் என்று எதையும் கேட்கவில்லை. பார்க்கிறதுக்கு ஒரு கை. சட்டைக்குள் திணித்து வைத்த பொம்மைக் கை மாதிரி. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை அப்பாவின் அந்தக் கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தோளுக்குக் கீழே கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. உனக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டாம் என்றது அப்பா. சரி என்றது நான்.

நீ கோபப்படு. கோபம் ஆறியதும் மீதியைப் படி. இன்னும் இரண்டு மாதத்தில் நீயும் ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறாய். புருஷன் பெண்சாதி என்றால் என்ன என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் போடும் வாசகங்களை நம்பி நீ போய் உட்காரக்கூடாது.

உன் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ அதை விளையாட்டு என்று நினைத்தாய். பிலிமத்தலாவையில் இரும்புக் கடைக் கணக்குப்பிள்ளையாக வாரம் முழுக்க ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தப் பெரிய பைக்கை வெளியே எடுக்கும்போது அவர் வேறு ஆள். மடவளை நசீரும் இன்னும் இரண்டு பேரும் கீழே ரோட்டில் வந்து நிற்பார்கள். ஹுன்னஸ்கிரிய, மாத்தளை, ரத்தோட்டை என்று ஏறி இறங்கி, பொழுது சாயத்தான் வருவார்கள். பெற்றோலும் வியர்வையும் மணக்க, வெயிலில் கறுத்த முகத்தோடு வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றுகிறபோது அவர் சிரிப்பதைப் போல வேறு எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. உன்னைப் பெற்று அவர் கையில் கொடுத்தபோதும் அப்படிச் சிரிக்கவில்லை. இதை உன் மனம் நோகட்டும் என்று சொல்லவில்லை. நொந்தால் நொந்துவிட்டுப் போகட்டும். அவர் எதை இழந்தார் என்பதற்கு எனக்கு வேறு அளவு தெரியவில்லை.

விழுந்த இடம் கலகெதர இறக்கம். மழை விட்ட கையோடு, லொறி ஒன்று சிந்திவிட்டுப் போன எண்ணெயில் பின்சில்லு வழுக்கிவிட்டது. பைக் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தலை கவசத்துக்குள் பத்திரமாக இருந்தது, காலிலும் பெரிய காயம் இல்லை. வலது தோள் மட்டும் கொங்கிரீட் கட்டில் மோதி, கழுத்து ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டதில் கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தெலும்புக்குள்ளேயே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. வெளியே பார்த்தால் ஒரு கீறல். அந்த இளம் டாக்டர் பெண் எங்கள் இருவரையும் கதிரையில் உட்கார வைத்துத் தமிழும் சிங்களமும் கலந்து மெதுவாகச் சொன்னாள். கை உடம்பில் இருக்கும், உணர்ச்சி இருக்காது, அசையாது, திரும்பி வராது. அப்பா கேட்டது ஒரே கேள்வி. "எக்ஸிலேட்டர் திருகிற அளவுக்காச்சும் வருமா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். "இவளுக்குச் சின்ன வயசு, தெரியாது" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. அந்த நம்பிக்கையில் அவர் இரண்டு வருஷத்தை ஓட்டினார். என்னையும் அதன் பின்னால் கட்டி இழுத்தார்.

உணர்ச்சியில்லாத கைக்கு வலி இருக்காது என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊசியால் குத்தினால் தெரியாது. ஆனால் உள்ளே யாரோ விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிடுக்கில் வைத்து நசுக்குகிற மாதிரி எரியும் என்பார். அப்படி எரிகிற நேரத்தில் பக்கத்தில் நான்தான் இருப்பேன். நீ இருக்கமாட்டாய். "கட்டையில போறவளே, பாத்துக்கிட்டு நிக்கிறியே" என்பார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனால் உதறுவார். போடாமல் விட்டால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் மூக்குத் துடைத்தவளுக்குப் புருஷனுக்குப் பொத்தான் போடத் தெரியவில்லையா என்பார். சோற்றுத் தட்டு சுவரில் போய் விழும். துடைப்பேன். ஒருநாள் துடைக்கவில்லை. காய்ந்து ஒட்டியிருந்த பருப்பை அவரே பார்த்துக்கொண்டு மூன்று வேளை சாப்பிட்டார், பிறகு இடது கையால் சுரண்டினார். அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. நான் செய்துகொடுத்ததெல்லாம் அவரை இன்னும் கொஞ்சம் முடமாக்கிக்கொண்டிருந்தது.

நண்பர்கள் முதலில் வந்தார்கள். அப்பிள், திராட்சை, ஹோர்லிக்ஸ் போத்தல். பேச்சு சுற்றிச் சுற்றி ரோட்டுக்கே போகும், போனதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு வருவது நின்றது. ஞாயிறு காலையில் கீழே ரோட்டில் போகும்போது மரியாதைக்கு ஒருமுறை ஹோர்ன் அடிப்பார்கள். அப்பா முன்வாசலில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பார். சில மாதத்தில் அதையும் மறந்துவிட்டார்கள். சத்தம் வரும், வளைவில் தேயும், அவ்வளவுதான். நசீர் மட்டும் ஒருநாள் ஏறி வந்தான். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "பைக் சும்மாதானே நிக்குது, அண்ணே. டயர் கெட்டுப் போகும். எனக்குத் தந்துடுங்களேன்" என்றான். அப்பா எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நசீர் கெட்டவன் இல்லை. டயரைப் பற்றி அவன் சொன்னதும் பொய் இல்லை. பொய்யில்லாத வார்த்தை எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

நீ பார்சல் அனுப்பத் தொடங்கியது அதன் பிறகு. "அப்பாவுக்கு ஒரு ஹொபி வேணும்மா, மனசு மாறும்" என்றாய். மீன் தொட்டி வந்தது. ஒற்றைக் கையால் வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்ற முடியாது என்று கொழும்பில் இருந்த உனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் மாற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். உங்கள் மீன், உங்கள் தொட்டி என்றேன். ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன. ஒவ்வொரு மீனையும் கரண்டியால் எடுத்துக் கொய்யா மரத்தடியில் போடும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. இலக்கம் போட்ட படத்துக்கு நிறம் தீட்டும் பெட்டி வந்தது. ஒரு மலையும் ஏரியும். இடது கையால் இரண்டு வாரம் தீட்டி என்னிடம் காட்டினார். ஏரி மலைமேல் வழிந்திருந்தது. "என் வகுப்புல இருந்தா இதுக்கு நட்சத்திரம் போடமாட்டேன்" என்றேன். கிழித்தார். மவுத் ஓர்கன் வந்தது. அதை வாசிக்கப் பழகவில்லை, நான் சாமி கும்பிடுகிற நேரம் பார்த்து ஊதினார். நீ ஒவ்வொரு ஞாயிறும் "எப்படிப் போகுது?" என்று கேட்டாய். "நல்லாப் போகுதுப்பா" என்று இருவரும் சொன்னோம். அந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு பகலில் நான் கட்டுகஸ்தோட்டை சந்தைக்குப் போய்வந்தபோது அவர் வீட்டுக்குப் பக்கவாட்டில் பைக்குக்கு அடியில் கிடந்தார். மூடியிருந்த துணியை அவிழ்த்து, ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஸ்டாண்டைத் தள்ளியதும் பாரம் வலது பக்கம் சாய்ந்துவிட்டது. பிடிக்க அந்தப் பக்கம் கை இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தாரோ, கால் மாட்டிக்கொண்டு, பெற்றோல் கசிந்து உடுத்திருந்த சாரமெல்லாம் நனைந்து, என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் பைகளைக் கீழே வைத்தேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகு வந்துதான் தூக்கினேன். உடனே தூக்கியிருக்கலாம். அவர் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார், சொல்லிக்காட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் நான் முடிவெடுத்தேன். இந்த வீட்டில் ஒருத்தர் விழுந்து கிடக்க, இன்னொருத்தர் தூக்கிக்கொண்டே இருப்பது என்றால் இரண்டு பேருமே முடிந்துபோவோம்.

மறுவாரம் ஸ்கூட்டர் பழக லேனர்ஸில் சேர்ந்தேன். சைக்கிள்கூட ஓட்டாத ஐம்பத்தாறு வயதுப் பென்ஷன்காரி, கட்டையான கால், மூக்குக் கண்ணாடி. பழக்கியவள் உன்னைவிட இளைய சிங்களப் பெண். என்னை மிஸ் என்று கூப்பிட்டுக்கொண்டே, நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்து விழும்போதெல்லாம் தலையிலடித்துக்கொள்வாள். முழங்கால் இரண்டும் தோலுரிந்து வீட்டுக்கு வந்தால் பஸ்ஸில் இடறினேன் என்பேன். அப்பாவுக்குச் சந்திக் கடைக்காரன் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவர் சிரித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத சிரிப்பு, கேட்கச் சகிக்கவில்லை. "ஒனக்கு எதுக்குடி இந்த வயசுல? என் முன்னால ஆடிக் காட்டறதுக்கா?" என்றார். "ஆமா" என்றேன்.

லைசென்ஸுக்கு ட்ரயல் நடந்த நாள் அவரும் வந்தார். நான் கூப்பிடவில்லை. கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்து, மைதானத்து வேலியோரம் ஆண்களோடு நின்றார். கூம்புகளுக்கு நடுவில் எட்டுப் போடவேண்டும், கால் தரையில் படக்கூடாது. நான் ஸ்கூட்டரை எடுத்ததும் சத்தமாகச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். இப்போது காலை ஊன்றுவாள் பாருங்கள், இந்தத் திருப்பத்தில் ஊன்றுவாள், இதில் விழுவாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன் நான் விழவேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொள்கிறார். நான் காலை ஊன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது வேலியோரத்தில் அவர் இல்லை. உனக்குக் கல்யாண வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்திமதி சொல்லவேண்டுமென்றால் இதுதான்: நீ விழவேண்டும் என்று உன் பெண்சாதி ஒருநாள் நினைப்பாள். அந்த நாளில் நீ வீட்டை விட்டுப் போகவும் வேண்டாம், விழவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு பென்ஷன் காசில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று ஆனது. விடிந்து ப்ளேன்டீ குடித்துவிட்டு, மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கிளம்புவேன். மடவளை, வத்தேகம, சில நாள் பன்விலை வரை. வேகமாகப் போகமாட்டேன், பஸ்கள் என்னைத் திட்டிக்கொண்டு முந்தும். முதல் மாதம் அவர் ஒருமுறை கேட்டார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "பின்னால ஒரு ஆள் குந்தினா வண்டி இழுக்குமா?" இழுக்கும் என்றேன். "அப்ப?" என்றார். "மாட்டேன். அந்த நாலு மணி நேரம் நான் யாருக்கும் கையா இருக்க மாட்டேன்" என்றேன். இதைத்தான் தெருவில் பேசினார்கள், உன் காதுவரை வந்து நீயும் "ஊரே சிரிக்குதும்மா" என்றாய். ஊர் சிரிக்கட்டும். நான் அந்த நாலு மணி நேரம் போய்வராமல் இருந்திருந்தால் மற்ற நாட்களில் அந்த வீட்டுக்குள் இருந்திருக்கமாட்டேன். அதற்கு ஊர் சிரித்திருக்காது, அழுதிருக்கும். அது இன்னும் மோசம்.

அவர் பழிக்குப் பழி என்று நான் மூடி வைத்த சோற்றைத் தொடவில்லை. தானே சமைக்கிறேன் என்று இறங்கினார். அப்படித்தான் வந்தது, நீ பார்சலில் அனுப்ப முடியாத அந்த ஹொபி. வெங்காயம் உருண்டோடும், ஒற்றைக் கையால் பிடித்து வெட்ட முடியாது. இரும்புக் கடையில் காலம் கழித்தவர் அல்லவா, பலகையின் அடியிலிருந்து மூன்று ஆணிகளை மேல்நோக்கி அடித்து, அதில் வெங்காயத்தைக் குத்தி நிறுத்தி இடது கையால் வெட்டினார். போத்தல் மூடியைத் திறக்க மேசை லாச்சிக்குள் போத்தலை வைத்து இடுப்பால் தள்ளி இறுக்கினார். முதலில் செய்த பருப்பை நாய்கூட மோந்துவிட்டு நகர்ந்தது. நான் வந்து பார்த்து எதுவும் சொல்லமாட்டேன். எதுவும் சொல்லாமல் இருப்பதைப் போல அவருக்கு எரிச்சல் வேறில்லை. பிறகு சோறு கறியை விட்டுவிட்டு அச்சாறில் விழுந்தார். வெரளிக்காய், அம்பரெல்லா, மாங்காய், சின்ன வெங்காயம். கடுகும் வினாகிரியும் வீடெல்லாம். உப்பு ஏறியிருக்கிறதா, காரம் இறங்கியிருக்கிறதா என்று மூன்று போத்தலைத் திறந்து வைத்து ருசி பார்ப்பார். ஒருநாள் கலகெதரப் பக்கம் மரத்துப் புளிப்பு வேறு, பிலிமத்தலாவைச் சந்தைப் புளிப்பு வேறு என்று யாரிடமோ போனில் சண்டை போட்டார். பைக் எஞ்சின்களைப் பற்றிச் சண்டை போடுவாரே, அந்தக் குரல். நான் குளியலறைக்குள் நின்று அதைக் கேட்டேன். எனக்கு ஒரு கரண்டி கொடுக்கவில்லை. "வெளிய சுத்துறவளுக்கு வெளியிலயே கெடைக்கும்" என்றார்.

கை வெந்த ஞாயிறைப் பற்றி நீ என்ன கேள்விப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். நடந்தது இது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மிளகாய் வறுக்கும் வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. இறைச்சி வாசனை. நம் வீட்டில் அன்றைக்கு இறைச்சி இல்லை. குசினியில் அவர் இடது கையால் தாச்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். இடைஞ்சலாக இருக்கிறது என்று தொட்டிலைக் கழற்றியிருந்தார். தொங்கிக்கொண்டிருந்த வலது கை ஆடிப்போய்ப் பக்கத்து அடுப்பு நெருப்பில் கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. "வந்துட்டியா, ஜன்னலத் தொற, என்னமோ கருகுது" என்றார் என்னிடம். நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு அந்தக் கையை எடுத்துக் காட்டினேன். இரண்டு விரலும் புறங்கையும் வெந்து போயிருந்தன. அவர் அதைப் பார்த்தார், யாரோ ஒருவருடைய சாமானைப் பார்ப்பதுபோல. கத்தவில்லை. பிறகு என்னிடம் சொன்னார், "தாச்சியையும் எறக்கு. மொளகா தீஞ்சிரும்."

நீ போனில் என்னிடம் கேட்டாய், "நீங்க வீட்டுல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" இல்லை, ஆகியிருக்காது. நான் வீட்டில் இருந்திருந்தால் அவர் குசினிக்குள்ளேயே போயிருக்கமாட்டார். முன்வாசலில் உட்கார்ந்து, போகிற பைக்குகளை எண்ணிக்கொண்டு, பத்திரமான ஒரு பிணமாக இருந்திருப்பார். உனக்குக் கல்யாணத்துக்கு அந்தப் பத்திரமான அப்பா வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நீ வைத்துவிட்டாய்.

புண் ஆற வெகு நாள் எடுத்தது. கிளினிக்கில் அந்தப் பழைய டாக்டர் பெண்ணே இருந்தாள். புண்ணைக் கழுவிக்கொண்டே, தோளில் இந்தக் கையின் பாரம் இழுத்துக்கொண்டே இருக்கும், இனியும் வெட்டும் சுடும், எடுத்துவிடுவதும் ஒரு வழி, அவசரமில்லை, யோசியுங்கள் என்றாள். எடுத்தாலும் உள்வலி போகாமல் இருக்கலாம் என்பதையும் சொன்னாள். ஆட்டோவில் வந்து இறங்கியதும் அப்பா பைக்கைப் போய்ப் பார்த்தார். அந்தக் கை இருக்கும்வரை பைக்கும் அவருடையது, அது எனக்குத் தெரியும். கையை எடுக்கச் சொல்வதென்றால் இனிமேல் கலகெதர இறக்கம் இல்லை, ஹுன்னஸ்கிரிய இல்லை, எதுவும் இல்லை என்று தானே தன் வாயால் சொல்வது. இரண்டு நாள் கழித்து நசீருக்குப் போன் போட்டு, "வந்து எடுத்துட்டுப் போ" என்றார். நசீர் வந்து அழுதான். அப்பா அழவில்லை. பைக் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இறங்கி ரோட்டில் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்று, "மூணாவது கியர்ல ஏத்துறான், மடையன்" என்றார். உள்ளே வந்து மாங்காய் வெட்ட உட்கார்ந்தார். வெட்ட முடியவில்லை. அன்றைக்கு முழுக்கப் பலகைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார், பொழுது சாய்ந்தபோது அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார், திட்டிவிட்டால் அந்த அழுகை அவருக்கு வந்திருக்காது.

ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் பெரிய டாக்டர் கடைசியாக ஒருமுறை கேட்டார், நிச்சயம்தானா என்று. "இத வச்சுக்கிட்டு அடுப்படியில நிக்க முடியல டாக்டர்" என்றார் அப்பா. டாக்டர் என்னைப் பார்த்தார், இந்த ஆளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்பதுபோல. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன். கண் விழித்ததும் அவர் செய்த முதல் வேலை, இடது கையால் அந்தப் பக்கம் தடவிப் பார்த்தது. கட்டு இருந்தது, அதற்கப்பால் மெத்தை இருந்தது. "கை போயிருச்சு. வலி போகல. வெரலெல்லாம் அப்பிடியே நசுங்குது" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும் என்று நீ நினைப்பாய். "போகாதுன்னு சொல்லித்தானே வெட்டுனாங்க" என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார், பிறகு உதடு கோணிக்கொண்டு சிரித்தார், சிரித்ததில் தையல் இழுத்து முனகினார். "ஒன்னையக் கட்டுனதுக்கு இந்தக் கை எப்பவோ போயிருக்கணும்" என்றார். அடுத்த கட்டில்காரர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன்னைப் பற்றியும் பேசினோம். நீ கேட்டதை அவரிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வீட்டில் இப்போது எதையும் மூடிவைப்பதில்லை, அதனால் சொன்னேன். கல்யாணம் வரை கை இருக்கட்டும் என்கிறான் என்று. நீ எங்களைக் கல்யாணத்துக்கு அழைக்கவேண்டாம் என்பார் என்று நினைத்தேன், வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன். "அவனும் பயந்துட்டான் போல" என்றார், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. நீ பயந்தாய் என்று நான் நினைக்கவில்லை. நீ வெட்கப்பட்டாய். பயத்துக்கு மருந்து உண்டு, வெட்கத்துக்கு உன் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கை வெந்த புண்ணுக்குக் கட்டு அவிழ்க்கிறபோது நீ வந்து பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

மாப்பிள்ளை வீட்டார் என்று நாங்கள் இருவரும் மண்டபத்துக்கு வருவோம். வேட்டி சட்டைதான். வலது கைப் பக்கம் துணியை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் பஞ்சோ பிளாஸ்டிக்கோ வைக்கமாட்டோம். முன்வரிசையில் உட்காருவோம். பெண் வீட்டார் கேட்டால் அவரே சொல்வார், கேட்காமலும் சொல்வார். போட்டோவுக்கு அவரை ஓரத்தில் நிறுத்தலாம் என்று யாராவது உனக்கு யோசனை சொன்னால் எங்கள் இருவரையும் சேர்த்தே நிறுத்து, ஓரத்துக்கு வெளியே. தாலி ஏறியதும் பெரியவர்கள் எல்லோரும் அட்சதை போடுவார்கள். இடது கையால் ஆசீர்வாதம் செய்வது சரியில்லை என்று மேடையில் யாரோ ஒருவர் முணுமுணுக்கத்தான் செய்வார், நீயே அந்த ஆளாக இருக்கலாம். உன் அப்பா இடது கையால்தான் போடுவார், அவரிடம் வேறு கை இல்லை. அது உனக்குப் பிடிக்கவில்லை என்றால், அவர் முன்னால் வந்து குனியாதே.